ஐந்தாவது குரல்

சூடேற அரை மணி நேரமாவது ஆகும் மேடம். அதுவரைக்கும் காபி குடிக்கலாம். குளிர்ந்த இயந்திரத்தின் மேல் கை வைக்காதே என்று எங்கள் பட்டறையில் சொல்வார்கள். மனிதர்களுக்கும் அது பொருந்தும் என்று நான் நினைத்துக்கொள்வேன். கேக்கில் ஆப்பிள் கொஞ்சம் புளிப்பாக இருக்கும். ஹென்னிங்குக்கு அப்படித்தான் பிடிக்கும். கை அப்படியே பழகிவிட்டது.

நீங்கள் வாசலில் நின்று கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "மணிச்சத்தம் உங்களுக்கும் கேக்கலைன்னா, நீங்க மட்டும் ஏன் தண்டவாளத்துக்கு முன்னாடியே நின்னீங்க?" பின்னால் லாரியில் வந்தவர் பார்த்திருக்கிறார் போல. நியாயமான கேள்வி. போன வாரம் போலீஸ் ஸ்டேஷனில் என்னை விசாரித்த இளைஞருக்கு இது தோன்றவில்லை. தண்ணீர் கொடுத்தார், போர்வை கொடுத்தார், மாடிப்படி வரை கொண்டுவந்து விட்டார். நல்ல வளர்ப்பு.

பதில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதில் தண்டவாளத்தில் தொடங்கவில்லை. இதோ, உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிறதே, இந்த சிந்தசைசரில் தொடங்குகிறது.

பார்க்க ஒன்றும் அழகில்லை, எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மரப்பலகை, நடுவில் சாம்பல் நிறத் தகரம், விரல் பட்டுத் தேய்ந்த கட்டைகள். ஹென்னிங் இதைக் குண்டம்மா என்பான். எண்பதுகளின் நடுவில், எல்பே நதியின் இந்தக் கரையில், முன்பு கப்பல் கயிறு திரித்த ஒரு கொட்டகையில் இவற்றைச் செய்தோம். மொத்தமே சில நூறுதான். பிறகு ஜப்பானிலிருந்து விலை குறைந்தவை வந்தன, கொட்டகையை மூடினார்கள். இப்போது இதற்காக இளைஞர்கள் உலகம் முழுக்க அலைகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஏன் அலைகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இதற்குள் இரண்டு மனசு இருக்கிறது மேடம். கட்டையை அழுத்தினால் முதலில் பேசுவது டிஜிட்டல் மனசு. ஒலியலைகள் எண்களாக ஒரு சிப்பில் பதிந்திருக்கின்றன. எண் பிசகாது. நேற்றைக்கும் இன்றைக்கும் சுருதி ஒன்றே. ஆனால் அதை மட்டும் கேட்டால் பல் கூசும், பீங்கான் தட்டில் கத்தியை இழுத்த மாதிரி. அதனால் அந்த ஒலியை அனலாக் வடிகட்டிக்குள் விடுகிறோம். உங்கள் காபியைத் தாளில் வடித்தேனே, அதே வேலைதான். கசப்பு தாளிலேயே தங்கிவிடும், மணம் இறங்கும். அந்த வடிகட்டி பழைய காலத்து மின்சுற்று. வெயில் அடித்தால் ஒரு மாதிரி, மழை பெய்தால் ஒரு மாதிரி. நேற்று வந்த ஒலி இன்றைக்கு அப்படியே வராது.

ஹென்னிங் சொல்வான்: "எண்ணு மட்டும் இருந்தா கணக்கு வாத்தியார். அனலாக் மட்டும் இருந்தா குடிகாரன். நம்ம குண்டம்மா, கணக்கு வாத்தியார் ரெண்டு கிளாஸ் போட்ட மாதிரி. கணக்கும் தப்பாது, கண்ணுல தண்ணியும் வரும்."

இதற்கு எட்டுக் குரல். எட்டுப் பேர் கொண்ட பாட்டுக்குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டையை எட்டு முறை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் வரிசையில் அடுத்த ஆள் பாடுவார். எட்டுப் பேருக்கும் தனித்தனி வடிகட்டி, தனித்தனித் திருகு. அந்தத் திருகுகள்தான் பட்டறையில் என் வேலை. எட்டுப் பேரும் ஒரே தொண்டையில் பாடுகிற மாதிரி ஆக்க வேண்டும்.

அங்கே ஒரு விதி இருந்தது. திருகைத் திருப்பியவர், தன் வேலை சரி என்று தானே சொல்லிக்கொண்டு மூடியை மூடக்கூடாது. இன்னொருவர் வந்து வாசித்து, காதால் கேட்டு, 'ஷ்டிம்ட்' என்று சொல்ல வேண்டும். நீங்களும் நானும் நாளுக்கு நூறு முறை சொல்கிற சொல்தான். நீ சொன்னது சரி என்பதற்கும் அதே சொல், சுருதி சேர்ந்துவிட்டது என்பதற்கும் அதே சொல். ஆனால் பட்டறையில் அதற்கு எடை அதிகம். அதைக் கேட்காமல் எந்த மூடியும் மூடப்பட்டதில்லை.

எனக்கு வாய்த்த இன்னொருவர்தான் ஹென்னிங். வாங்க வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்ட வைத்திருந்த ஆள். நீளமான விரல்கள், கிழிந்த ஸ்வெட்டர். நான் திருகுவேன், அவன் வாசிப்பான், கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். என்னை 'நீ' என்று அழைக்க அவனுக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. அதுவரை "மிஸ் வீப்கே, மூணாவது ஆள் கொஞ்சம் மூக்கால பாடறார், பாருங்க" என்றுதான் சொல்வான். திருமணப் பதிவு அலுவலகத்தில், சம்மதமா என்று அதிகாரி கேட்டபோது நான் 'ஆமாம்' என்பதற்குப் பதில் 'ஷ்டிம்ட்' என்று சொல்லிவிட்டேன். அதிகாரியே சிரித்துவிட்டார். ஹென்னிங் என் காதில், "மூடியை மூடிடலாம்" என்றான்.

எங்களுடையது நல்ல திருமணம். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கொட்டகை மூடியபின் நான் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் சேர்ந்தேன். கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் கருவி பொருத்தி, அவர்கள் காதுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுப்பேன். அவன் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தான், கல்யாணங்களிலும் படகு விருந்துகளிலும் வாசித்தான். குழந்தை இல்லை. சாயங்காலம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துச் சாப்பிடுவோம். பிறகு அவன் வாசிப்பான், நான் கேட்பேன். முடித்ததும் திரும்பிப் பார்ப்பான். நான் அந்த ஒரு சொல்லைச் சொல்வேன். இருபத்தைந்து வருஷம் அப்படிப் போனது. ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று சில சமயம் நினைப்பேன்.

இந்த ஆண்டு வசந்தத்தில் மாரிட் வந்தாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பெர்லினில் ஒரு குழு வைத்திருக்கிறாள். ஹென்னிங் பட்டறைக் காலத்தில் வாசித்த ஏதோ ஒரு பழைய ஒலிநாடா அவள் கையில் கிடைத்திருக்கிறது. தேடி விசாரித்து, நாலு மாடி ஏறி வந்து, இதோ இந்தக் குண்டம்மாவைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், கோயில் சிலையைப் பார்க்கிற மாதிரி.

"தொடலாங்களா?" என்றாள்.

"தொடறதுக்குத்தான் இருக்கு. கடிக்காது" என்றான் ஹென்னிங்.

தொட்டாள். வாசித்தாள். பிறகு சொன்னாள்: "நாங்க கம்ப்யூட்டர்ல இதே சத்தத்தைப் பண்ணிப் பாத்துட்டோங்க. வருது. ஆனா ரொம்ப நல்ல பிள்ளையா வருது. உங்க குண்டம்மாகிட்ட ஒரு திமிர் இருக்கே, அது வரல."

"அந்தத் திமிருக்குப் பேரு வீப்கே" என்று என்னைக் காட்டினான். "அவ கை வச்ச திருகு எட்டும்."

எனக்கு முகம் சிவந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே அவளிடம், "என்னை 'நீங்க நீங்க'ன்னு சொல்லிக் கிழவனாக்காதே. 'நீ'ன்னே கூப்பிடு" என்றான். என்னிடம் அதைச் சொல்ல ஒரு குளிர்காலம். இவளிடம் ஒரு கோப்பை காபி.

அவள் கேட்டது இதுதான். புத்தாண்டுக்குப் பிறகு ஹென்னிங் குண்டம்மாவோடு பெர்லின் வர வேண்டும். இசைத்தட்டு பதிவு செய்ய வேண்டும், பிறகு ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும். கோடை வரைக்கும் ஆகும். அவன் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. ஐம்பத்தாறு வயதில் அவன் முகத்தில் பட்டறைக் காலத்துக் களை வந்துவிட்டது.

"நீயும் வாயேன்" என்றான் என்னிடம்.

"கடையை யார் பாக்கறது?"

"அதுவும் சரிதான்" என்றான்.

இன்னொரு முறை கேட்பான் என்று நான் காத்திருந்தேன். அவன் குண்டம்மாவைக் கொண்டுபோகப் பெட்டிகளை அளந்துகொண்டிருந்தான்.

ஆகஸ்டில் ஒரு காலை அவன் ரொட்டி வாங்கப் போயிருந்தான். நான் இதன் மூடியைத் திறந்தேன். கார் பானெட் மாதிரி மேலே தூக்கினால் போதும். பட்டறையில் எனக்குக் கொடுத்த சின்ன பிளாஸ்டிக் திருப்புளி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்தாவது குரலின் திருகை ஒரு மயிரிழை திருப்பினேன். ஏன் ஐந்தாவது என்றால், என் கைக்கு அதுதான் வசதி. மூடிவிட்டு முட்டை வேகவைத்தேன்.

அவன் வந்து வாசித்தான். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினான். ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தான். நாலு முறை தெளிவு, ஐந்தாவது போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி, பிறகு மூன்று முறை தெளிவு.

"வீப்கே, இங்க வா. அஞ்சாவது ஆளுக்குத் தொண்டை கட்டியிருக்கு."

நான் வந்தேன். பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"நல்லாக் கேளு. இதோ... இதோ, இது!"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு, ஹென்னிங்."

அவன் மூடியைத் திறந்து பார்க்கமாட்டான். ஆபரேஷன் அறைக்குள் வரமாட்டேன் என்கிற கணவர்கள் இல்லையா, அந்த மாதிரி. நான் அவன் கண்ணெதிரே திறந்தேன், மீட்டரை வைத்து எட்டையும் அளந்தேன். முள்ளைப் பார்க்க அவனுக்குத் தெரியாது. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"ஷ்டிம்ட்."

விதியை நான் மீறியது அன்றைக்குத்தான். திருகியவளே சரி என்று சொல்லி மூடியை மூடினேன். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அந்த ஒன்றுதான்.

நீங்கள் கேட்கலாம், வேறு யாரிடமாவது வாசித்துக் காட்டியிருக்கலாமே என்று. வாசிப்பவன் தன் காது போய்விட்டது என்று வெளியே சொல்லமாட்டான் மேடம். கப்பலோட்டி கண் மங்கிவிட்டது என்று சொல்வானா? என்னிடம் மட்டும் சொன்னான். ஆயிரம் காதுகளைப் பார்த்தவள் நான் என்பதால், கடையில் வைத்து நானே பரிசோதிக்கிறேன் என்றேன். கேட்கும் திறனைக் காட்டும் கோடு அழகாக, நேராக வந்தது. அவன் வயதுக்கு அபூர்வமான காது. காகிதத்தைக் கையில் கொடுத்தேன். இதில் நான் எதையும் மாற்றவில்லை. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

"அப்போ காது நல்லா இருக்கு. மிஷினும் நல்லா இருக்கு" என்றான். "எனக்கு மட்டும் ஏன் கேக்குது?"

நான் அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊவே வருவதாகச் சொன்னான். பழைய நண்பன், டிரம்ஸ் வாசிப்பவன், இப்போது படகு ஓட்டுகிறான். அவன் வருவதற்கு முன் நான் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். ஊவே மீன் ரொட்டிகளோடு வந்தான், வாசலிலேயே எங்கள் கரையின் வணக்கம் சொன்னபடி.

"மோய்ன்! என்னடா, மூஞ்சி புளிச்ச பாலு மாதிரி இருக்கு? பெர்லின்காரங்க கூப்பிட்டும் இப்படியா? என்னைக் கூப்பிட்டிருந்தா நான் நீந்தியே போயிருப்பேன்."

"நீ நீந்தினா எல்பே கரை உடைஞ்சிடும்" என்றான் ஹென்னிங்.

"பாருடா, வாய் மட்டும் நல்லாத்தான் வேலை செய்யுது. வாசி."

வாசித்தான். பயந்துகொண்டே வாசித்தான். பாதியில் அவன் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். எட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. சின்னப் பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஊவே மேசையில் தாளம் போட்டான், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இனிமையான மத்தியானம். ஊவேயை வழியனுப்ப அவன் படகுத்துறை வரை போனான். நான் பாத்திரம் கழுவினேன், பிறகு திருகைத் திருப்பினேன். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக.

மறுநாள் காலை அவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அழவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னான்: "நாலு பேர் இருந்தா நல்லாக் கேக்குது. தனியா இருந்தா கெட்டுப் போகுது. அப்போ இது காதுல இல்ல வீப்கே. மண்டைல."

நான் மறுக்கவில்லை. அவன் தானாக வந்தடைந்த முடிவு அது. ஒரு மனிதன் யோசித்துச் சொல்வதை மதிக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வாழ்க்கையிலேயே இனிமையான காலம். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் என்னைப் பார்ப்பான். "கெட்டில் கத்துதா?" "ஆமா, கத்துது." "மழையா?" "மழைதான்." தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை. கடைக்குப் போகாதே என்றான், விடுப்பு போட்டேன். படுக்கும்போது என் காது மடலைத் தொட்டு, "இனிமே இதுதான் என் காது" என்பான். அவனுக்குப் பிடித்த எல்லாவற்றையும் சமைத்தேன். ஒரு கிலோ எடைகூடக் குறையவிடவில்லை.

சில சமயம், உண்மையிலேயே வந்த சத்தத்தை இல்லை என்றும் சொன்னேன். எப்போதும் இல்லை. அவன் ரொம்ப நம்பிக்கையாகத் தெரிந்த நாட்களில் மட்டும்.

அக்டோபரில் மாரிட் வந்தாள். ஹென்னிங் போனை எடுப்பதில்லை, போன் அடிப்பதே பிரமை என்று அவனுக்கு ஒரு எண்ணம். அதனால் நேரில் வந்திருக்கிறாள். நான் ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மஞ்சள் மழைக்கோட்டு, கையில் இலவங்கப்பட்டை பன் வாங்கிய காகிதப் பை. கீழே அழைப்பு மணியை அழுத்தினாள்.

ஹென்னிங் நிமிர்ந்தான். "பெல்லா?"

"இல்லையே."

மறுபடி அழுத்தினாள். அவன் கையால் காதைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் தெருவின் நடுவுக்கு வந்து, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "ஹென்னிங்! ஹென்னிங், வீட்ல இருக்கியா?"

அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. "இப்ப பேரு சொல்லியும் கூப்பிடுது" என்றான். "அந்தப் பொண்ணு குரல்லயே கூப்பிடுது, பாரேன்."

"பாவம் நீ" என்று சொல்லி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மாரிட் கொஞ்ச நேரம் மழையில் நின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்துக்கொண்டே ரயில் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டாள்.

இதோடு நின்றிருக்கலாம். நான் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். புத்தாண்டு தாண்டிவிட்டால், பெர்லின்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால், ஒரு நாள் திருகைப் பழையபடி வைத்துவிடுவேன். அவனுக்கு மெல்ல மெல்லக் குணமாகும். நான்தான் குணப்படுத்தினேன் என்று ஊரெல்லாம் சொல்வான். அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன். ஆகையால் நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்று சொல்ல முடியாது.

அன்றைக்குக் காலையிலிருந்து மூடுபனி. அணைக்கரைப் பாதையில் நடக்கப் போனோம். சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவில் துறைமுகச் சரக்கு ரயில் பாதை தெருவைக் கடக்கிற இடம், உங்களுக்குத் தெரியும், அங்கே தடுப்புக் கட்டை இல்லை, விளக்கும் மணியும்தான். விளக்கு பனியில் தெரியாது. ஹென்னிங் என் கையைப் பிடித்திருந்தான். அவன் நடை அன்று வேகமாக இருந்தது.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே" என்றான். "நேத்து படகுத்துறைல ஊவே போன்ல இருந்து மாரிட்கிட்ட பேசிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"காது, மண்டை, எல்லாம். அவ என்ன சொன்னா தெரியுமா? 'விரல் இருக்குல்ல? விரலைக் கொண்டு வா. கேக்கறதை நான் பாத்துக்கறேன். நீ வாசி, நான் உனக்கு ஷ்டிம்ட் சொல்றேன்'னா." அவன் குரல் உடைந்தது. சந்தோஷத்தில்தான். "எனக்கு ஏன் இது தோணல வீப்கே? எனக்காக வேற யாராவது கேட்டாப் போதுமே. குண்டம்மாவை அடுத்த வாரம் அனுப்பறேன். நீ இத்தனை மாசம் என்னைத் தூக்கிச் சுமந்துட்ட. இனிமே உனக்கும் ஓய்வு."

ஓய்வு என்ற சொல்லை யோசித்துக்கொண்டு நடந்தேன்.

அப்போது மணி அடித்தது. நல்ல மணி, கணீரென்று. கிட்டங்கிக்குப் பின்னாலிருந்து காலி ரயில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. இன்ஜின் பின்னால் இருக்கும்போது முன்பெட்டி சத்தமில்லாமல் வரும். இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அது தெரியும்.

ஹென்னிங் தயங்கினான். தலையைச் சாய்த்தான், பட்டறையில் கேட்பானே, அதே மாதிரி. பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"மணி அடிக்குது. இதுவும் மண்டைலதானே?"

"ஷ்டிம்ட்" என்றேன்.

அவன் என் கையை விட்டுவிட்டுக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னே போனான். நான் நின்றேன். எனக்குத்தான் மணி கேட்டதே, மேடம். கேட்டவர்கள் நிற்பார்கள். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

அதைப் பழக்கம் என்றுதான் நான் சொல்வேன். இருபத்தைந்து வருஷம் அவன் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சொன்ன சொல், தானாக வந்துவிட்டது. இன்னொரு சொல்லைத் தேட நேரமில்லை. நேரம் இருந்தது என்று லாரி ஓட்டுநர் சொன்னால், அவர் தூரத்தில் இருந்தார், அவருக்குத் தெரிந்திருக்காது. அவன் வலியில்லாமல் போனான் என்று டாக்டர் சொன்னார். கடைசியாக அவன் கேட்டது என் குரல். மாரிட்டுடையது இல்லை.

இன்று காலை, நீங்கள் வருகிறேன் என்று போன் செய்தபிறகு, ஐந்தாவது திருகைச் சரிசெய்துவிட்டேன். மறைப்பதற்காக இல்லை. அவன் பொருள், கெட்டுப்போன நிலையில் யார் கண்ணிலும் படக்கூடாது. மூடி இன்னும் திறந்தேதான் இருக்கிறது, பார்த்தீர்களா? திருகியவளே சொல்லி மூடக்கூடாது என்பது விதி. ஒரு முறை மீறினேன், இனிமேல் மீறமாட்டேன். வீட்டில் இன்னொரு காதும் இல்லை.

சூடேறிவிட்டது. அந்த நடுக்கட்டையை அழுத்துங்கள். ஒரு விரல் போதும். எட்டு முறை, அவசரமில்லாமல். ஒவ்வொன்றும் முழுசாக அடங்கியபிறகு அடுத்தது.

எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, இல்லையா? ஒரு குறையும் இல்லை. நான் அவனுக்குச் செய்த எல்லாவற்றையும் போல.

பேனாவைக் கீழே வையுங்கள் மேடம். அந்தச் சொல்லை ஒரு முறை சொல்லிவிடுங்கள், நான் மூடியை மூட வேண்டும்.